உரிமம் கேட்காத வேலைக்கு இரண்டு வருடம் படிக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வங்கியில் வேலை பார்த்தவர். வயது 34. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து இரண்டு வருடம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார், நிரந்தர வதிவிடம் இருக்கிறது, இப்போது பொதி கட்டும் இடமொன்றில் இரவு வேலை. "லோ கிளார்க், அதாவது சட்டத்தரணியிடம் கிளாக்கர் வேலைக்கு, படிக்கலாமென்று யோசிக்கிறேன். ஒரு தனியார் கொலிஜ் பத்து மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. செனெகா என்ற அரச கொலிஜ் இரண்டு வருடம் என்கிறது. எனக்குச் சட்டம் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். அப்பா மட்டும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். எதில் சேரலாம், வேலை கிடைக்குமா?"

தங்கச்சி, கொலிஜ் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வராத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் லோ கிளார்க்காக வேலை பார்க்கச் சட்டப்படி எந்தப் படிப்பும் தேவையில்லை. இங்கே சட்டச் சங்கம் உரிமம் கொடுப்பது இரண்டு வகையினருக்குத்தான். ஒன்று சட்டத்தரணிகள், மற்றது, 2007 இலிருந்து, சில வகைச் சிறு வழக்குகளில் வாதாடும் பாராலீகல்கள். லோ கிளார்க் இந்த இரண்டிலும் இல்லை. சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வையில், அவருடைய பொறுப்பில் வேலை செய்கிறவர், அவ்வளவுதான். தான் விரும்பிய எவரையும் நாளைக்கே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி "நீர்தான் என் லோ கிளார்க்" என்று ஒரு சட்டத்தரணி சொல்லலாம். நானும் அப்படித்தான் வந்தேன். ஸ்காபரோவில் ஒரு சின்னக் கந்தோரில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, பதினேழு வருடமாகிவிட்டது. இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளைப் பழக்குவதும் என் வேலையில் ஒரு பங்கு.

அப்படியென்றால் ஏன் இரண்டு வருடத்தையும் காசையும் செலவழிக்க வேண்டும்? உரிமம் இல்லாத வேலை என்பதாலேயே. தாதிக்கு ஒரு சோதனை இருக்கிறது, அதில் தேறினால் தாதி. உங்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. டிப்ளோமாவைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் முதல் திங்கட்கிழமை ஒரு பைலைக் கையில் தந்துவிட்டு, உங்கள் கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே எந்தக் கொலிஜ் என்பதை அதன் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே படித்து வந்தால் அந்தத் திங்கட்கிழமை உங்கள் கை என்ன செய்யும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். அமெரிக்கச் செய்திகளில் "லோ கிளார்க்" என்று வாசித்தால் அது பெரும்பாலும் நீதிபதியிடம் ஆராய்ச்சி செய்யும் சட்டப் பட்டதாரி. அது வேறு உலகம். நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிட்டுப் பதிவு வைக்கிறவர் அரசாங்க ஊழியர், அதற்குத் தனிக் கற்கைநெறி உண்டு. நீங்கள் கேட்பது ஊரில் அப்புக்காத்து, புறக்டர்மாரிடம் இருந்த கிளாக்கர் வேலையின் ஒன்ராறியோ வடிவம். தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தா என்பார்கள். லீகல் அசிஸ்டன்ட் என்று விளம்பரம் வந்தால் அது கடிதம், நாட்காட்டி, தொலைபேசிப் பக்கம் கூடிய வேலை. லோ கிளார்க் ஒரு பைலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தூக்கிப் போகிறவர். டவுன்டவுனில் பெரிய நிறுவனங்கள் இந்த வித்தியாசத்தைக் கறாராகப் பார்க்கும். நம்முடைய ஷெப்பர்ட், மார்க்கம் ரோட்டுக் கந்தோர்களில் இரண்டும் ஒரே ஆள்தான், சில வேளை தேத்தண்ணி போடுவதும் அவர்தான்.

என்ன படிப்பிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். நாலு தூண்கள்: காணி வீடு வாங்கல் விற்றல், சிவில் வழக்கு, கம்பனிச் சட்டம், இறந்தவரின் சொத்து நிர்வாகம். ஒன்ராறியோ லோ கிளார்க் நிறுவனம், சுருக்கமாக இல்கோ, நடத்தும் அசோசியேட் கற்கைநெறியிலும் இந்த நாலும்தான் பாடம். கொலிஜில் இவற்றோடு குடும்பச் சட்டம், சட்ட ஆராய்ச்சி, கணக்கு, கணினி எல்லாம் சேரும். சொல்லும்போது பெரிய விஷயம்போல இருக்கும். நடைமுறையில் எப்படி இருக்குமென்று ஒரு வீட்டை வைத்துக் காட்டுகிறேன்.

800,000 டொலருக்கு ஒரு வீடு, ரொறன்ரோ நகர எல்லைக்குள். வாங்குகிறவர் கட்ட வேண்டிய காணி மாற்றல் வரியை நீங்கள் கணக்குப் போட வேண்டும். முதல் 55,000 க்கு அரை வீதம், 275 டொலர். அதிலிருந்து 250,000 வரை ஒரு வீதம், 1,950. அங்கிருந்து 400,000 வரை ஒன்றரை வீதம், 2,250. மிச்சம் நாலு லட்சத்துக்கு இரண்டு வீதம், 8,000. கூட்டினால் 12,475. இது மாகாணத்துக்கு. 2008 இலிருந்து ரொறன்ரோ நகரமும் தன் பங்குக்கு ஒரு வரி வைத்திருக்கிறது, இந்த விலைக்கு அதுவும் 12,475. ஆக 24,950. இதே விலையில் ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்குப் பக்கம் வாங்கினால் அது மார்க்கம் நகரம், நகர வரி கிடையாது. ஒரு ரோட்டைக் கடந்தால் பன்னிரண்டாயிரம் டொலர் வித்தியாசம். முகவரியில் எந்த நகரம் என்று பார்க்காமல் கணக்குப் போட்ட பிள்ளையை நான் கண்டிருக்கிறேன்.

சரி, முதல் வீடு வாங்குகிறவர் என்றால் மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் திருப்பித் தரும். இங்கேதான் கொலிஜ் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் நம்முடைய ஆட்களிடம் பெரிதாக வெடிக்கும். "முதல் வீடு" என்றால் கனடாவில் முதல் வீடு என்று அர்த்தமில்லை. உலகத்தில் எங்கேயும் எப்போதும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது, வீட்டில் ஒரு பங்குகூட இருந்திருக்கக் கூடாது. கல்யாணத்தின்போது கொக்குவிலில் சீதனமாக எழுதிய வீடு? அதுவும் வீடுதான். கணவர் வீடு வைத்திருந்து, மனைவியான பிறகும் அது அவர் பெயரில் இருந்தால் மனைவிக்கும் சிக்கல். வந்திருக்கிற அக்காவுக்கு அது வீடாகவே மனதில் இல்லை, "அது அம்மா இருக்கிற வீடு" என்பார். கேட்க வேண்டிய மாதிரிக் கேட்டால்தான் பதில் வரும். கேட்காமல் விட்டால் அவர் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்து வைத்தவர் ஆகிவிடுவார். நீங்கள் கேட்டு, எழுதி, சட்டத்தரணியிடம் கொண்டு போக வேண்டும். தகுதி உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை.

அடுத்தது நகராட்சி வரியைப் பிரிப்பது. வருடத்துக்கு 5,475 டொலர் சொத்துவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சரியாக 15. வீடு கைமாறுவது ஜூன் 30. கைமாறும் நாள் வாங்குகிறவர் கணக்கில் விழும். எனவே விற்றவர் பங்கு ஜனவரி 1 முதல் ஜூன் 29 வரை, 180 நாள், 2,700 டொலர். அவர் ஏற்கெனவே 3,000 கட்டியிருந்தால் வாங்குகிறவர் 300 திருப்பிக் கொடுக்க வேண்டும். 2,500 தான் கட்டியிருந்தால் விலையில் 200 குறையும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் லீப் வருடமா, அந்த ஒரு நாள் யாருடையது, நகராட்சிக்குக் கட்டியது தற்காலிக பில்லா இறுதி பில்லா என்று பார்க்கத் தவறினால், குளோசிங் நாள், அதாவது வீடு கைமாறும் நாள், பின்னேரம் மற்றப் பக்கத்துக் கிளார்க் போன் எடுத்து "உங்கட கணக்குப் பிழை" என்பார். அந்தப் போன் வரும் நேரம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை நாலு மணி. ஒப்பந்தப்படி ஆறு மணிக்குள் முடிய வேண்டும். வங்கியில் இருந்த உங்களுக்கு இந்தப் பகுதி கைவந்த கலை, அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அப்பாவின் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரசியம். அங்கே காணி கைமாற நொத்தாரிஸ் முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் போட்ட விதி இன்றும் ஓடுகிறது. அந்த உறுதிக் கடதாசியைப் பெட்டிக்குள் வைத்துத் தலைமுறையாகக் காப்பாற்றுவார்கள். இங்கே பெட்டியில் வைக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காணிக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்று, மிச்சமெல்லாம் டெராவியூ என்ற கணினி முறைமையில். கையொப்பமும் மின்கையொப்பம். அதில் ஆவணங்களைத் தயாரிப்பது, தேடுவது, செய்தி அனுப்புவதெல்லாம் கிளார்க் செய்வார். "சட்டப்படி எல்லாம் சரி" என்று சொல்லும் வாசகம் வரும் இடத்தில் சட்டத்தரணிதான் கையொப்பமிட வேண்டும். தன் கடவுச்சொல்லை அவர் எந்தக் கிளார்க்குக்கும் கொடுக்கக் கூடாது, அவருடைய நடத்தை விதியே அதைத் தடுக்கிறது. "அவசரம், என்ர பாஸ்வேர்ட்டில போய் நீரே செய்யும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கந்தோரை விட்டு வெளியே வரும் நாளை எண்ணத் தொடங்குங்கள்.

இன்னொன்று, பெயர்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதைக் காணவில்லை. விற்கிறவர் மேலோ வாங்குகிறவர் மேலோ நீதிமன்றத் தீர்ப்புக் கடன் இருக்கிறதா என்று பெயரை வைத்துத் தேட வேண்டும். நம்முடைய ஆட்களுக்குக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், சாரதிப் பத்திரத்தில் அது குடும்பப் பெயராகப் பின்னால், 1996 இல் வாங்கிய வீட்டில் பாதி எழுத்தை விட்டுவிட்டுப் பதிந்திருப்பார்கள். எல்லா வடிவத்துக்கும் தேட வேண்டும். மறுபுறம் சிவகுமார் என்று போட்டால் யாரோ ஒரு சிவகுமாரின் கடன் அட்டைப் பாக்கி வந்து நிற்கும். "அந்த ஆள் நான் இல்லை" என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். எது முதற்பெயர், எது தகப்பன் பெயர் என்று பார்த்தவுடன் தெரிகிற ஒரு கிளார்க்கின் பெறுமதி எங்கள் பகுதிச் சட்டத்தரணிகளுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் குறைபாடு என்று நினைக்கிற பின்னணிக்கு இங்கே சம்பளம் தருவார்கள்.

வழக்குப் பக்கம் முழுக்க நாட்காட்டி. ஒன்ராறியோவுக்குள் வழக்குப் பத்திரம் சேர்ப்பித்தால் எதிராளி 20 நாளுக்குள் பதில் போட வேண்டும். கனடாவின் வேறு மாகாணம் அல்லது அமெரிக்கா என்றால் 40, வேறு நாடென்றால் 60. எதிர்க்க எண்ணம் உண்டென்று ஒரு அறிவித்தல் போட்டால் மேலும் 10. இதெல்லாம் மனப்பாடம் செய்யலாம். எண்ணுவதுதான் கஷ்டம். என் இரண்டாம் வருடத்தில் நடந்தது. ஒரு வியாழக்கிழமை விசாரணைக்கு விண்ணப்பப் பத்திரங்களை ஏழு நாள் முன்னதாக மற்றப் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். ஏழு நாளோ அதற்குக் குறைவோ என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை எண்ணிக்கையில் வராது. கொடுத்த நாளை விட்டுவிட்டு, விசாரணை நாளைச் சேர்த்து எண்ண வேண்டும். புதன், வியாழன், வெள்ளி, பிறகு திங்களிலிருந்து வியாழன் வரை, ஏழு. ஆக முந்தின கிழமை செவ்வாய் கடைசி நாள். நானும் செவ்வாய்தான் அனுப்பினேன், பெருமையாக. அனுப்பிய நேரம் 4:12. நாலு மணிக்குப் பிறகு கொடுத்தால் அடுத்த வேலை நாளில் கொடுத்ததாகக் கணக்கு. ஏழு ஆறாகிவிட்டது. சட்டத்தரணி என்னைத் திட்டவில்லை. என் முன்னாலேயே போனை எடுத்து மற்றச் சட்டத்தரணியிடம் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சம்மதம் கேட்டார். அதை நின்று கேட்டுக்கொண்டிருந்ததைவிட இரண்டு அடி வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் என் கணினித் திரையின் ஓரத்தில் "4 மணி" என்று ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறது.

கம்பனிச் சட்டம் எனக்குத் தூக்கம் வரும் பாடம், எனவே விரைவாகச் சொல்கிறேன். கம்பனி பதிவது, இயக்குநர் மாற்றம், வருடாந்தத் தீர்மானங்கள், கூட்டக் குறிப்பேடு. பிடித்துப்போனால் டவுன்டவுனில் ஒழுங்கான நேர வேலையும் நல்ல சம்பளமும் இந்தப் பக்கம்தான். சொத்து நிர்வாகம் அதற்கு எதிர்மாறு, அழுதுகொண்டு வருகிற மனிதர்களோடு வேலை. அங்கேயும் கணக்கு உண்டு. முதல் 50,000 டொலருக்குச் சொத்து நிர்வாக வரி இல்லை, அதற்கு மேல் ஆயிரத்துக்கு 15. எட்டு லட்சம் பெறுமதியான சொத்தென்றால் 11,250. கொழும்பில் உள்ள பிள்ளையின் கையெழுத்து, லண்டனில் உள்ள பிள்ளையின் அடையாள அட்டை, எழுத்து மாறின மரணச் சான்றிதழ் என்று நம்முடைய பைல்கள் இழுபடும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை.

இவை எல்லாவற்றையும் விடக் கொலிஜில் கவனமாகக் கேட்க வேண்டிய பாடம் ஒழுக்க விதி. லோ கிளார்க் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. ஒற்றை வரிதான். ஆனால் தமிழ்க் கந்தோரில் அதைக் காப்பாற்றுவது பெரும் பாடு. சட்டத்தரணி ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு வெளியே போவார். ஐயா உங்களைப் பார்த்து, "பிள்ளை, அவர் சொன்னது கிடக்கட்டும், நான் இதில கையெழுத்து வைக்கலாமோ, நீர் சொல்லும்" என்பார். உங்கள் பெரியப்பா வயது. பதில் தெரியும், நாக்கின் நுனியில் நிற்கும். சொல்லக் கூடாது. "ஐயா, அதை அவரே சொல்லட்டும், நான் கூப்பிடுறன்" என்று எழும்ப வேண்டும். கலியாண வீட்டில் சோறு போடும் வரிசையில் நின்றுகொண்டு "தங்கச்சி, மனுசி பெயரில வீட்டை மாத்தினா வரி வருமோ" என்று கேட்பார்கள். அங்கேயும் அதே பதில்தான். தலைக்கனம் பிடித்தவள் என்று இரண்டு பேர் சொல்வார்கள். சொல்லட்டும்.

இப்போது கொலிஜ் தெரிவு. அரச கொலிஜ்களில் செனெகா, ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஃபான்ஷோ, ஒட்டாவாவின் அல்கொங்குவின் போன்றவற்றில் இரண்டு வருட டிப்ளோமா உண்டு. ஒஷாவாவில் உள்ள டுரம் கொலிஜ் மூன்று வருட மேல்நிலை டிப்ளோமாவும் நடத்துகிறது. ஸ்காபரோவில் இருக்கிற உங்களுக்கு ஃபிஞ்ச் வீதியில் உள்ள செனெகாவின் நியூனம் வளாகம் பஸ் தூரம். 19 வயது தாண்டியவரை முதிர்ந்த மாணவராக எடுப்பார்கள். ஊர்ச் சான்றிதழ்களை மதிப்பீடு செய்துகொள்ளுங்கள், வங்கித்துறைப் பாடங்களுக்கு விலக்கு கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது. நிரந்தர வதிவிடம் இருப்பதால் ஒசாப் என்ற மாகாண மாணவர் உதவித் திட்டத்தில் கடனுக்கும் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

தனியார் கொலிஜ் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அங்கே படித்து என்னோடு வேலை பார்த்த இருவர் அருமையான கிளார்க்குகள். ஆனால் அவர்கள் தரும் டிப்ளோமாவும் அரச கொலிஜின் ஒன்ராறியோ கொலிஜ் டிப்ளோமாவும் ஒன்றல்ல. பின்னால் மேற்படிப்புக்குப் போனால் பாடங்களைக் கணக்கில் எடுப்பார்களா என்பது பெரிய கேள்வி. மாகாணத்தின் பட்டியலில் அந்தக் கொலிஜும், அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறியும் இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கொலிஜ் பதிவாகி, கற்கைநெறி பதிவாகாமல் இருப்பதும் உண்டு. பத்து மாதத்தில் நாலு தூணையும் நாட்டுவது நடக்கக்கூடிய காரியம்தான், ஆனால் இரவு வேலையோடு நடக்காது.

எங்கே போனாலும் சேர்வதற்கு முன் கற்கைநெறிப் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். பயிற்சி வேலைக்கு இடம் நீங்கள் பிடித்துத் தருவீர்களா, நானே தேட வேண்டுமா? "மாணவருக்கு உதவுவோம்" என்று மழுப்பினால் நீங்களே தேட வேண்டுமென்று அர்த்தம். டெராவியூ பயிற்சி, வீட்டு பைலுக்கான யூனிட்டி, குடும்ப வழக்குக்கான டிவோர்ஸ்மேட் ஆகிய மென்பொருள்களில் எதில் மாணவர் கை வைப்பார், எதைத் திரையில் காட்டுவதோடு சரி? பாடம் எடுக்கிறவர் இப்போதும் கந்தோரில் வேலை பார்க்கிறவரா? விதிகளும் படிவங்களும் அடிக்கடி மாறும், பத்து வருடத்துக்கு முன் விட்டவர் பத்து வருடத்துக்கு முந்திய படிவத்தையே படிப்பிப்பார். இல்கோ அங்கீகாரம் உண்டா? இந்தப் பதில்கள் திருப்தியாக இருந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு, நான் போன வழி. ஏதாவது சட்டக் கந்தோரில் வரவேற்பு மேசையிலாவது நுழைந்துவிட்டு, இல்கோவின் நாலு பாடங்களையும் மாலையில் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதனை எழுதுவது. செலவு குறைவு, மாலையில் படித்ததை அடுத்த நாள் செய்து பார்க்கலாம். தொல்லை என்னவென்றால் அந்த முதல் கதவு. உங்களுக்கு வங்கி அனுபவமும் தமிழும் இருப்பதால் எங்கள் பகுதிக் கந்தோர்களில் அது திறக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டு வருடம் வருமானம் குறைந்தாலும் வீட்டில் சமாளிக்க முடியும் என்றால் செனெகா மாதிரி ஓரிடம். முடியாது என்றால் இந்த மூன்றாவது வழி. பத்து மாதக் கொலிஜை நான் கடைசியாகத்தான் வைப்பேன்.

பாராலீகல் படித்தால் என்ன என்றும் நாளைக்குக் கேட்பீர்கள். சிறு உரிமை வழக்கு, வாடகை நடுவர் மன்றம், போக்குவரத்துக் குற்றம் இவற்றில் தானே நின்று வாதாடப் பிடிக்குமென்றால் அது. உரிமச் சோதனை, காப்புறுதி, சொந்தக் கடை திறக்கும் துணிவு எல்லாம் வேண்டும். வீடு, சொத்து பைல்களில் இருக்கப் பிடிக்குமென்றால் பாராலீகல் உரிமம் அங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

இதை வாசிக்கிற, ஊரிலிருந்து மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2024 நவம்பர் 1 இலிருந்து விசாவுக்கு விண்ணப்பித்துக் கொலிஜ் டிப்ளோமா படிப்பவர்களுக்கு, படிப்பு முடிந்த பிறகான வேலை அனுமதி குறிப்பிட்ட துறைகளுக்குத்தான் கிடைக்கும். லோ கிளார்க் அந்தத் துறைகளில் இல்லை. முகவர் வேறு மாதிரிச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள், தரமாட்டார்.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். பேச்சு சுமாராக இருந்தால் பரவாயில்லை, என்னுடையது இன்னும் பருத்தித்துறை ஆங்கிலம்தான். எழுத்து சுமாராக இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சல் போகும், சட்டத்தரணியின் பெயரில். வேர்ட் மென்பொருளை எல்லோரும் தெரியும் என்பார்கள். தலைப்புப் பாணி போட்டு உள்ளடக்கப் பட்டியலைத் தானாக வரவைக்கச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். முந்நூறு பக்கப் பிடிஎஃபுக்குப் புத்தகக்குறி வைப்பதும் அப்படித்தான். இது இரண்டும் இப்போதே வீட்டில் பழகலாம், காசு செலவில்லை. நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிவதும் பழக வேண்டிய விஷயம். ஒரு மணித்தியாலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதுதான் பில்லில் சின்ன அலகு. "காலை முழுக்க அந்த பைல்தான் பார்த்தேன்" என்று எழுத முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கடிதம் எழுதுவதைத் தின்னும், தின்னட்டும். 2025 இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி கொடுத்த வாதத்தில் உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தன, நீதிபதி விளக்கம் கேட்டார். ஒவ்வொரு மேற்கோளையும் கான்லீ என்ற தீர்ப்புத் தளத்தில் திறந்து பார்க்கிற ஒருவர் கந்தோரில் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். அந்த ஒருவர் யாரென்று நினைக்கிறீர்கள்?

கடைசியாக இரண்டு விஷயம், கொலிஜ் விண்ணப்பமும் வேலை நேர்முகமும். கொலிஜில் செப்ரெம்பர் அனுமதிக்கு பெப்ரவரி 1 இற்குள் விண்ணப்பித்தால் எல்லோரையும் சமமாகப் பார்ப்பார்கள், அதை முதலில் குறித்து வையுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போகும்போது சட்டம் பற்றிக் கேட்கமாட்டார்கள். நான் கேட்கும் கேள்வி இது: "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை. எங்கள் ஆள் வீடு வாங்குகிறார். வங்கியின் மோட்கேஜ் காசு இன்னும் கந்தோரின் ட்ரஸ்ட் கணக்குக்கு வரவில்லை. அவர் லொறியில் சாமானோடு வாசலில் நிற்கிறார். என்ன செய்வீர்?" கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லப் பார்ப்பவர்கள் அதிகம். வங்கிக்குப் போன் எடுப்பேன், மற்றப் பக்கத்தோடு பேசி நேரம் வாங்குவேன், வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்வேன். எல்லாம் சரிதான், எல்லாம் செய்யத்தான் வேண்டும். போன கோடையில் ஒரு பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்ல எழும்பிப் போய் லோயரிட்ட சொல்லுவன்" என்றாள். அவள் இப்போது எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறாள்.